சுரை விதை ஊன்றதுல இருந்து காய் பறிச்சு, திரும்ப விதை எடுக்குற வரைக்கும்: முழு வழிகாட்டி

"கொடி நல்லா படர்ந்திருக்கு, பூவும் நிறைய வருது, ஆனா ஒரு காய் கூட நிக்க மாட்டேங்குது, பிஞ்செல்லாம் மஞ்சளாகி விழுந்துடுது." சுரை வச்சவங்கள்ல நிறைய பேர் சொல்றது இதுதான், சொல்லிட்டு உடனே கடைக்குப் போய் ஏதாவது டானிக் வாங்கி அடிச்சிடுறாங்க. பெரும்பாலும் செடிக்கு எந்தக் குறையும் இருக்காது. சுரைப்பூ சாயங்காலம் விரியுற பூ, நாம மாடித் தோட்டத்துக்குப் போறது காலைல, மகரந்தம் சேர வேண்டிய நேரத்த தவற விட்டுடுறோம், அவ்வளவுதான் விஷயம். விதை முளைக்கிறதுல இருந்து காய் முத்துற வரைக்கும் ஒவ்வொரு கட்டத்துலயும் அந்தச் செடி என்ன வேலை பாத்துட்டு இருக்குன்னு தெரிஞ்சா நாம எங்க கை வைக்கணும் எங்க சும்மா இருக்கணும்னு தானா புரியும், அதனால சுரைய வச்சே முழுசா எழுதுறேன். பீர்க்கு, புடலை, பாகல், பரங்கி எல்லாம் இதே குடும்பம்தான், பூ விரியுற நேரம் மாறும், மத்தபடி இதுல பாதிக்கு மேல அதுக்கும் பொருந்தும்.

எப்ப விதைக்கிறது

ஆடிப்பட்டம் இல்ல தைப்பட்டம். அதாவது ஜூலை, ஆகஸ்ட்ல ஒண்ணு, ஜனவரி, பிப்ரவரில ஒண்ணு. ஆடில போட்டா கொடி ஏறி நிக்கிறப்போ மழை கிடைக்கும், தைல போட்டா வெயில் நல்லா கிடைக்கும், ஆனா சித்திரை வெயில்ல தண்ணி தாராளமா கொடுக்கணும். ரெண்டுல எனக்குப் பிடிச்சது ஆடிதான், ஆனா அந்தச் சமயம் வண்டும் பழ ஈயும் கொஞ்சம் அதிகமா வரும், அதையும் சொல்லிடணும்.

விதை வாங்குறப்போ கவர்ல எஃப்1 ஹைப்ரிட்னு (ரெண்டு ரகத்த கலந்து எடுத்த முதல் தலைமுறை விதை) போட்டிருக்கான்னு பாருங்க. அது நல்லா காய்க்கும், அதுல சந்தேகம் இல்ல, ஆனா அதுல இருந்து நீங்க விதை எடுத்து அடுத்த பட்டத்துக்குப் போட்டா அதே காய் வராது, குட்டை, நெட்டைன்னு கலந்து வரும். விதை எடுத்து வைக்கணும்னு ஆசை இருந்தா நாட்டு ரகம் தேடி வாங்குங்க. குடுவைச் சுரை, நீட்டுச் சுரை, குண்டு சுரைன்னு எவ்வளவோ இருக்கு, விதைத் திருவிழா நடக்குற இடத்துல கேட்டா கிடைக்கும்.

விதைக்குள்ள என்ன நடக்குது

சுரை விதைய கைல எடுத்துப் பாத்தா ஓடு தடியா, ஓரம் கொஞ்சம் தூக்கலா இருக்கும். ஓட்ட உரிச்சா உள்ள வெள்ளையா ரெண்டு பருப்பு ஒட்டிக்கிட்டு இருக்கும், அதுதான் வித்திலை. செடி முளைச்சு சொந்தமா சாப்பாடு தயாரிக்கிற வரைக்கும் தேவையான எண்ணெயும் புரதமும் அந்த ரெண்டு பருப்புலதான் இருக்கு. கூர்மையா இருக்குற நுனில, அந்த ரெண்டு பருப்பும் சேர்ற இடத்துல, சின்னதா ஒரு முளைவேர் ஏற்கனவே உருவாகி காத்துட்டு இருக்கும். விதை செத்துப்போன பொருள் கிடையாது, உசுரோடதான் இருக்கு, மூச்சும் விடுது, ஆனா ரொம்ப ரொம்ப மெதுவா.

தண்ணி உள்ள போனதும் பருப்பு ஊதும், உள்ள நொதிகள் வேலைய ஆரம்பிக்கும், சேர்த்து வச்ச எண்ணெய சர்க்கரையா மாத்தி முளைவேருக்கு அனுப்பும். சுரைக்கு ஓடு தடிங்கிறதால தண்ணி உள்ள போக நேரமாகும், அதனாலதான் ஊற வைக்கச் சொல்றது. ராத்திரி ஊற வச்சு காலைல எடுத்தா போதும், நாள் கணக்கா தண்ணிக்குள்ளயே விட்டா மூச்சு முட்டி அழுகிடும். பழைய விதையா இருந்தா நகவெட்டியால அகலமான பக்கத்து மூலைல ஓட்ட மட்டும் லேசா கிள்ளி விடுங்க, கூர் நுனிப் பக்கம் கை வைக்கக் கூடாது, முளைவேர் அங்கதான் இருக்கு. ஊறினதும் கொஞ்சம் சூடோமோனாஸ் பவுடர்ல (நன்மை செய்யுற பாக்டீரியா) பிரட்டி எடுத்தா வேரழுகல் வர்றது குறையும்.

அப்புறம் நேரா தொட்டிலயே ஊனலாம், இல்ல பேப்பர் கப்ல போடலாம். சுரைக்கு வேர் அசைஞ்சா பிடிக்காது, அதனால நாத்து ட்ரேல போட்டு பிடுங்கி நடுறது எனக்கு உடன்பாடு இல்ல, கப்ப கிழிச்சுட்டு மண்ணுக்கட்டியோட அப்படியே நடுறது நல்லது. ஒரு இஞ்ச் ஆழம் போதும். விதைய நிக்க வைக்காம படுக்க வைங்க, இதுக்கு ஒரு காரணம் இருக்கு, அதத்தான் அடுத்து சொல்றேன்.

முளைக்கிற அந்த அஞ்சாறு நாள்

மொதல்ல வெளிய வர்றது வேர். அது எந்தப் பக்கம் பாத்து வந்தாலும் வளைஞ்சு கீழ போயிடும், வேர் நுனில இருக்குற மாவுச்சத்து மணிகள் புவியீர்ப்புக்கு கீழ வந்து உக்காரும், அத வச்சு எது கீழங்கிறத வேர் கண்டுபிடிக்குது. வேர் கொஞ்சம் இறங்கினதும் வேரும் தண்டும் சேர்ற இடத்துல, கீழ்ப்பக்கமா, சின்னதா ஒரு முட்டு மாதிரி வளரும். சுரை, பூசணி, வெள்ளரி குடும்பத்துக்கே உரிய விஷயம் இது. அந்த முட்டு விதை ஓட்டோட கீழ்ப்பாதிய அழுத்திப் பிடிச்சுக்கும், தண்டு மேல வளைஞ்சு இழுக்கும், ஒரு கால் செருப்ப இன்னொரு காலால மிதிச்சு கழட்டுற மாதிரி ஓடு மண்ணுக்குள்ளயே கழண்டுடும், வித்திலை மட்டும் மேல வரும். விதை படுத்திருந்தா இந்த முட்டு சரியான இடத்துல வரும். மண்ணு ரொம்ப லூசா இருந்தாலோ விதை ரொம்ப மேலயே இருந்தாலோ ஓடு கழலாம தொப்பி போட்டுட்டு மேல வந்துடும், அப்படி வந்தா பிச்சு இழுக்காதீங்க, தண்ணி தெளிச்சு ஓடு நல்லா ஊறினதும் மெதுவா விரிச்சு விடுங்க.

சூடு இருந்தா 5, 6 நாள்ல மேல வந்துடும், மார்கழிக் குளிர்ல போட்டா இன்னும் ஒரு வாரம் கூட ஆகும். மேல வந்ததும் வித்திலை ரெண்டும் பச்சையாகி வெயில் வாங்க ஆரம்பிக்கும். இந்த நேரத்துல நிழல்ல வச்சீங்கன்னா தண்டு வெளிச்சத்தத் தேடி நீளமா, வெளிறி வளர்ந்து சாஞ்சிடும், முளைச்ச அன்னைக்கே நல்ல வெளிச்சத்துக்கு மாத்துங்க. தண்ணி அதிகமாகி, தண்டு மண்ணத் தொடுற இடத்துல கருத்து மடிஞ்சு விழுந்தா அது நாற்றழுகல், அத காப்பாத்த முடியாது, அந்தச் செடிய மண்ணோட எடுத்துட்டு வேற மண்ணுல வேற விதை போடுங்க.

அப்புறம் சிவப்பு பூசணி வண்டு. ஆரஞ்சு கலந்த சிவப்புல, உளுந்தம்பருப்பு சைஸ்ல இருக்கும், வித்திலைய ஓட்டை ஓட்டையா தின்னுட்டுப் போயிடும், ரெண்டு நாள் கவனிக்கலன்னா செடியே மிச்சம் இருக்காது. காலைல பனி ஈரம் இருக்குறப்போ சலிச்ச அடுப்புச் சாம்பல இலை மேல தூவி விடுங்க, வண்டு மந்தமா இருக்குற நேரம் அதுதான், கையாலயே பிடிச்சிடலாம். 4 இலை வந்துட்டா செடி தாங்கிக்கும்.

மண்ணு, தொட்டி, தண்ணி

மாடினா ஒரு செடிக்கு ஒரு பெரிய பை, குறைஞ்சது 18க்கு 18 இஞ்ச், 24 இஞ்ச் கிடைச்சா ரொம்ப நல்லது. ஒரே பைல மூணு செடி வச்சா மூணும் ஏமாத்தும். செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்), மக்கின தொழு உரம் சம அளவு, கூட ரெண்டு கை வேப்பம் புண்ணாக்கு. தரைனா ஒன்றரை அடி குழி எடுத்து தொழு உரம் போட்டு ஒரு வாரம் ஆறவிட்டு விதைங்க.

சுரை வேர் ஆழமா போறத விட பக்கவாட்டுல அகலமா ஓடும், அதனால தண்டு பக்கத்துல மட்டும் ஊத்தாம பை முழுக்க ஊத்துங்க. உச்சி வெயில்ல அந்த அகலமான இலையெல்லாம் துவண்டு தொங்கும், பாக்கவே பாவமா இருக்கும், உடனே போய் தண்ணி ஊத்தத் தோணும். கொஞ்சம் பொறுங்க. இலை வெளிய விடுற ஈரத்த வேர் அந்த வேகத்துக்கு எடுத்துக் கொடுக்க முடியாததால வர்ற துவட்டல் அது, மண்ணுல விரல் விட்டுப் பாருங்க, ரெண்டு இஞ்ச் கீழ ஈரம் இருந்தா விட்டுடுங்க, சாயங்காலம் தானா நிமிர்ந்துடும். சாயங்காலமும் நிமிரலன்னாதான் கவலைப்படணும். கொடி கணுவுல மண்ணு பட்டா அங்கயும் வேர் விடும், தரைல வைக்கிறவங்க கீழ் கணு ஒண்ணு ரெண்ட மண்ணுக்குள்ள புதைச்சு விட்டா கொடிக்கு கூடுதல் பலம்.

கொடி ஏறுறது

5, 6 இலை வந்ததும் பத்துக்கம்பி, அதாவது கொடி எதையாவது பிடிச்சு ஏற விடுற மெல்லிய சுருள், நீட்ட ஆரம்பிக்கும். சுரையோட பத்துக்கம்பி நுனில ரெண்டா பிரிஞ்சிருக்கும், அது காத்துல மெதுவா சுத்திட்டே இருக்கும், ஏதாவது தட்டுப்பட்டா தொட்ட பக்கம் வளர்ச்சி குறைஞ்சு எதிர்ப்பக்கம் கூடும், அதனால அப்படியே சுத்திக்கும். பிடிச்சதுக்கு அப்புறம்தான் பாக்கணும், நடுப்பகுதி ஸ்பிரிங்கா சுருளும், அதுவும் பாதி ஒரு பக்கமா, பாதி எதிர்ப்பக்கமா. ரெண்டு முனையும் கட்டியிருக்குறப்போ முறுக்கு ஏறாம சுருளணும்னா அப்படித்தான் முடியும். காத்தடிச்சா கொடி அறுந்து போகாம ஆடிக் கொடுக்குறது இதனாலதான். பத்துக்கம்பி பிடிக்க தடி கம்பத்த விட சணல் கயிறு, மெல்லிசான குச்சி, நைலான் வலைதான் வசதி.

கொடி பந்தல் உயரத்துக்கு, ஒரு ஆறடி போல வந்ததும் நுனிய கிள்ளிடுங்க. நிறைய பேருக்கு மனசு வராது, ஆனா இத செய்யாம இருக்காதீங்க. முதன்மைத் தண்டுல பெரும்பாலும் ஆண் பூதான் வரும், பெண் பூ அதிகமா வர்றது பக்கக் கிளைலயும் அதுல இருந்து வர்ற கிளைலயும்தான். நுனில இருந்து இறங்குற ஆக்சின்ங்கிற ஹார்மோன் பக்கத்து மொட்டுகள அடக்கி வச்சிருக்கும், நுனிய எடுத்துட்டா எல்லாம் கிளம்பும். அந்தக் கிளைகள் ஒவ்வொண்ணும் பத்து பன்னெண்டு இலை வந்ததும் திரும்ப கிள்ளினா மூணாம் கிளை வரும், யூடியூப்ல 3ஜி கட்டிங்னு சொல்றாங்களே, அது இதேதான்.

தழைச்சத்து அதிகமாகிட்டா, அதாவது யூரியா, கடலைப் புண்ணாக்குத் தண்ணினு விட்டுட்டே இருந்தா, கரும்பச்சையா இலை மட்டும் கொழிக்கும், பூக்க மறந்துடும். பூ எடுக்குற நேரத்துல சாம்பல் சத்து முக்கியம், அடுப்புச் சாம்பல் ஒரு கைப்பிடி வேர்ல போடலாம். பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி கலந்து பத்து நாளைக்கு ஒரு தடவை தெளிச்சா போதும்.

பூ: இங்கதான் காயே தீர்மானமாகுது

விதைச்சு ஏறக்குறைய 45 நாள்ல பூ வரும். மொதல்ல வர்றதெல்லாம் ஆண் பூ, நீளமான மெல்லிய காம்புல தனியா நிக்கும், ஒரு ராத்திரி பூத்துட்டு மறுநாள் வாடி விழும். அது விழுறது குறை இல்ல, அதோட வேலை அவ்வளவுதான். ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு பெண் பூ வர ஆரம்பிக்கும், அத அடையாளம் காண மொட்டுலயே பாக்கலாம், பூவுக்குக் கீழ கட்டைவிரல் சைஸ்ல, பொசுபொசுன்னு முடியோட, குட்டி சுரைக்காய் இருக்கும். அது காய் இல்ல, சூலகம். உள்ள நூத்துக்கணக்குல சூல் இருக்கு, மகரந்தம் வந்தா ஒவ்வொண்ணும் ஒரு விதை.

வெள்ளைப் பூ, சாயங்காலம் விரியும், காலைல வெயில் ஏறினா சுருங்கிடும். இருட்டுல வெள்ளைதான் தெரியும், அதத் தேடி அந்துப்பூச்சி வரும். கிராமத்துல வேலில படர்ற சுரைக்கு யாரும் ஒண்ணும் செய்யாம காய்க்கிறதுக்கு காரணம் அந்தப் பூச்சிங்கதான். நகரத்துல, அதுவும் நாலாவது மாடில, ராத்திரி முழுக்க லைட் எரியுற இடத்துல அது வர்றது குறைவு. பகல்ல தேனீ வந்துட்டுப் போகுதேன்னு நம்பிக்கை வைக்காதீங்க, தேனீ சுறுசுறுப்பா வர்ற நேரத்துக்குள்ள சுரைப்பூ பாதி வாடியிருக்கும்.

அதனால சாயங்காலம் ஆறரைல இருந்து எட்டுக்குள்ள மாடிக்குப் போங்க. அன்னைக்கு விரிஞ்ச ஆண் பூ ஒண்ண காம்போட பறிங்க, இதழ உரிச்சு எடுத்துடுங்க, நடுவுல இருக்குற கட்டைய விரல்ல தொட்டா மஞ்சளா தூள் ஒட்டணும், ஒட்டினா மகரந்தம் தயார். பெண் பூவுக்குள்ள நடுவுல மூணு மடலா, தொட்டா பிசுபிசுன்னு இருக்குறது சூல்முடி. அந்த மூணு மடல்லயும் மெதுவா தடவுங்க, ஒரு மடல மட்டும் தொட்டுட்டு வந்துடாதீங்க. ஒரு ஆண் பூவ வச்சு ரெண்டு மூணு பெண் பூவுக்கு தடவலாம். மழை வர்ற மாதிரி இருந்தா தடவினதும் பெண் பூவோட இதழ கூப்பி நூலால லேசா கட்டி விடுங்க, ஈரம் பட்டா மகரந்தம் வெடிச்சு வீணாகும்.

அதுக்கப்புறம் நடக்குறது நம்ம கண்ணுக்குத் தெரியாது. சூல்முடில ஒட்டின ஒவ்வொரு மகரந்தத் தூளும் முளைச்சு, மெல்லிய குழாயா கீழ வளர்ந்து சூலகத்துக்குள்ள போய் ஒரு சூலைத் தொடும். ஒரு தூளுக்கு ஒரு விதைதான், அதனால நிறைய தூள் விழணும். உருவாகுற விதைங்கதான் ஹார்மோன் விட்டு சூலகத்தோட சதைய வளரச் சொல்லுது, விதை இல்லன்னா "வளரு"ன்னு சொல்ல ஆள் இல்ல, பிஞ்சு மஞ்சளாகி விழுந்துடும். சில காய் ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சூம்பி வருதே, அதுக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம், சூம்பின பக்கத்துல விதை பிடிக்கல. டானிக் அடிச்சு இத சரி பண்ண முடியாதுன்னு இப்ப புரிஞ்சிருக்கும்.

பிடிச்சிடுச்சான்னு ரெண்டு மூணு நாள்ல தெரியும். பூ வாடினதும் காம்பு தடிச்சு, பிஞ்சு பளபளன்னு பச்சையா இருந்து, நிமிர்ந்து நின்னது கீழ பாத்து தொங்க ஆரம்பிச்சா பிடிச்சாச்சு.

பிஞ்ச காப்பாத்துறது

இந்தக் கட்டத்துல எதிரி பழ ஈ. பெண் ஈ பிஞ்சோட தோல்ல குத்தி உள்ள முட்டை வைக்கும், குத்தின இடத்துல பிசின் துளி ஒண்ணு நிக்கும், அப்புறம் காய் அந்த இடத்துல வளைஞ்சு உள்ள புழுவோட அழுகும். மருந்தடிச்சு பிரயோஜனம் குறைவு, புழு உள்ள இருக்கு. பிஞ்சு பிடிச்சது தெரிஞ்ச அன்னைக்கே பழைய வேட்டித் துணிலயோ பேப்பர் பைலயோ உறை போட்டு காம்புல கட்டிடுங்க, இத விட நல்ல வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல. கூட க்யூ லூர் பொறி (ஈய இழுக்குற வாசனை வச்ச பொறி) ஒண்ணு தொங்க விடலாம், அது ஆண் ஈயத்தான் இழுக்கும். புழு விழுந்த காய கொடிக்குக் கீழயே போட்டுடாதீங்க, புழு மண்ணுக்குள்ள போய் கூட்டுப்புழுவாகி திரும்ப ஈயா வரும், கவர்ல போட்டு இறுக்கி கட்டி வெயில்ல ரெண்டு மூணு நாள் வச்சிட்டு அப்புறம் கொட்டுங்க.

இலைல மாவு தூவின மாதிரி வந்தா சாம்பல் நோய், புளிச்ச மோர் 100 மில்லி ஒரு லிட்டர் தண்ணில கலந்து தெளிங்க, அடி இலைகள கழிச்சு காத்தோட்டம் விடுங்க.

பறிக்கிறது

பூத்து 12 முதல் 15 நாள்ல காய் கறிக்குத் தயார். நகத்த லேசா அழுத்தினா சுலபமா இறங்கணும், தோல்ல மெல்லிய முடி இன்னும் இருக்கணும். பெருசாகட்டும்னு விட்டீங்கன்னா உள்ள விதை முத்தும், விதை முத்த ஆரம்பிச்சா செடி அதோட வேலை முடிஞ்சதுன்னு புதுப் பெண் பூ விடுறத குறைச்சிடும். இளசா பறிக்கப் பறிக்கத்தான் காய்க்கும். இழுக்காம, காம்பு ஒரு இஞ்ச் விட்டு கத்தரியால வெட்டுங்க.

ஒரு முக்கியமான விஷயம், தயவுசெஞ்சு யாரும் இத லேசா எடுத்துக்காதீங்க. சமைக்கிறதுக்கு முன்னாடி காய்ல ஒரு சின்னத் துண்டு நாக்குல வச்சுப் பாருங்க, கசந்தா துப்பிட்டு முழுக் காயையும் தூக்கிப் போட்டுடுங்க. குக்கர்பிட்டாசின்ங்கிற நச்சுதான் அந்தக் கசப்பு, வேக வச்சாலும் போகாது. கசப்புச் சுரைக்காய் ஜூஸ் குடிச்சு ரத்த வாந்தி எடுத்தவங்களும் இறந்தவங்களும் நம்ம நாட்டுலயே உண்டு. அந்தக் கொடில அடுத்தடுத்த காயும் கசந்தா அதுல விதை எடுக்காதீங்க, கொடியையே எடுத்துடலாம்.

விதைக்கு விடுறது

கொடில முதல்ல வந்ததுல, நல்லா வடிவா இருக்குற ஒரு காய விதைக்குன்னு குறிச்சு ரிப்பன் கட்டிடுங்க. பக்கத்துல வேற ரக சுரை இருந்தா, காய் ஆகுறதுக்கு முன்னாடியே, விதைக்குன்னு நினைச்ச பெண் மொட்ட அது விரியுற அன்னைக்கு மதியமே பேப்பர் கவர் போட்டு மூடிடணும், அதே கொடியோட ஆண் மொட்டையும் மூடணும், சாயங்காலம் தடவிட்டு திரும்ப மூடி ரெண்டு நாள் விடணும், இல்லன்னா அந்துப்பூச்சி கலப்பு பண்ணிடும். பீர்க்கு, புடலை பக்கத்துல இருந்தா பிரச்சனை இல்ல, அது சுரையோட சேராது.

காய் கொடியிலயே இருக்கட்டும், ஏறக்குறைய ரெண்டு மாசம். பச்சை போய் வைக்கோல் நிறமாகி, காம்பு காஞ்சு, தட்டினா டங்குன்னு கேட்கணும். பறிச்சு நிழல்ல இன்னும் சில வாரம் வச்சா உள்ள சதை வத்தி விதை கலகலன்னு ஆடும். மகுடி செய்யிறதும், முன்னாடி கிணத்துல பசங்க முதுகுல கட்டி நீச்சல் பழகினதும் இந்தக் குடுக்கைலதான். ஓடு அவ்வளவு கெட்டி, தண்ணி உள்ள போகாது. ஆப்பிரிக்கால பிறந்த இந்தக் கொடி கடல் தாண்டி அமெரிக்கா வரைக்கும் போனதுக்கு இந்தக் குடுக்கை மிதந்து போனதும் ஒரு வழின்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க, கடல் தண்ணில மாசக்கணக்கா மிதக்க விட்டு எடுத்த குடுக்கைல இருந்த விதையும் முளைச்சிருக்கு.

உடைச்சு விதைய எடுத்ததும் தண்ணில போடுங்க, மிதக்குற சொத்தைய தள்ளிட்டு மூழ்கினத மட்டும் எடுத்து ரெண்டு நாள் இளவெயில்லயும் நாலஞ்சு நாள் நிழல்லயும் காய வைங்க, உச்சி வெயில்ல சிமெண்ட் தரைல பரப்பினா உள்ள இருக்குற முளை வெந்துடும். வளைச்சா வளையாம பட்டுன்னு உடையணும், அதுதான் பதம். சலிச்ச சாம்பல் கலந்து கண்ணாடி பாட்டில்ல போட்டு, மூடி மேல ரகத்தோட பேரும் பறிச்ச மாசமும் எழுதி, இருட்டான இடத்துல வச்சா மூணு நாலு வருஷம் முளைப்பு இருக்கும். பட்டம் வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி பத்து விதைய ஈரத்துணில சுத்தி வச்சுப் பாருங்க, ஏழுக்கு மேல முளைச்சா குழிக்கு ரெண்டு விதை போதும், நாலஞ்சுதான் முளைச்சதுன்னா மூணா போட்டுட்டு, வந்ததுல நல்லத மட்டும் விட்டு மத்தத வேர் அசையாம கத்தரியால நறுக்கி விட்டுடுங்க.